துரையின் காரும் என் கைப்பலமும்

பசறைக் கடைவீதியில் மாடி வைத்த கடை ஒன்று, என் கையால் எழும்பியது. மொனராகலை ரோட்டில் ஓடிய என் லொறிகளை ஓட்டை உடைசலாக வாங்கி, நானே உயிர் கொடுத்து ஓட்டினேன். இந்தச் சரிவில் தண்ணீர் வராது என்று படித்தவர்கள் கைவிரித்த இடத்தில் ஊற்றைத் தேடிப் பிடித்து, குழாய் இறக்கி, வீடு கட்டிக் குடியிருக்கிறேன். இத்தனைக்கும் நான் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில், ஒற்றைக் காம்பராவில் பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் இருந்தது கொஞ்ச காலம். எழுத்துக் கூட்டித்தான் இன்றும் படிப்பேன். இதையெல்லாம் விடப் பெரிய காரியம் ஒன்றை எட்டோ ஒன்பதோ வயதில் செய்தேன். செத்துக்கொண்டிருந்த ஒரு மோட்டார் காரைப் பிழைக்க வைத்தேன்.

பதுளைக்கு ரயில் வந்த புதிது. எங்கள் தோட்டத்துத் துரையிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதை ஓட்டியவர் என் தாய்மாமன். காக்கிச் சட்டை, தொப்பி, துடைத்துத் துடைத்துப் பளபளத்த சப்பாத்து என்று அவர் லயத்துப் பக்கம் வந்தால் கோழிகள்கூட வழிவிடும். என் அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கும் தொழிற்சாலையில், எஞ்சின் பார்ப்பவர். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தீபாவளிக்கு வந்த இடத்தில் மாமா அப்பாவின் எஞ்சினைச் செக்குமாடு என்று சொல்லிவிட்டார், ஒரே இடத்தில் கட்டிக்கிடக்கிறதாம். அப்பா சும்மா இருப்பாரா? ரோட்டில் ஓடுவது எஞ்சினே இல்லை, தையல் மெஷின் என்றார். அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார்கள். மூவரும் ஒரே காம்பராவில் நின்றாலும் நான்தான் தபால்.

அந்தக் கார் மலை ஏற மறுத்தது. சமதரையில் ஓடும், ஏற்றம் வந்தால் இருமும், நிற்கும். பசறை ரோட்டு வளைவில் துரையே இறங்கி நடக்க, கொழுந்துக் கூடைகளை வைத்துவிட்டு ஆட்கள் தள்ளினார்கள். மாமா ஒரு காரணம் கண்டுபிடித்தார். கார் கொழும்பிலிருந்து வந்தது, எங்கள் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நாங்கள் மழைக்குப் போட்டுக்கொள்ளும் கம்பளியைக் கொண்டுபோய் எஞ்சின் மூடிமேல் போர்த்தினார். காலையில் வெந்நீர் ஊற்றினார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். அப்பா என்னைக் கூப்பிட்டு, “அந்த டிரைவர்கிட்டச் சொல்லு, கொத்தமல்லிக் கசாயமும் வச்சுக் குடுக்கச் சொல்லு” என்றார். நானும் போய்ச் சொன்னேன். மாமா கம்பளியின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

அவர் இத்தனை பாடுபட்டதற்குக் காரணம் இருந்தது. துரை பங்களா வாசலில் வைத்துச் சொல்லியிருந்தார்: “ஞாயித்துக்கெழம பெரிய துரை ரயில்ல வாறார். காரு மலை ஏறணும். ஏறலேன்னா திங்கக்கெழம நீ பெரட்டுக்கு வா.” பெரட்டு என்றால் விடியலில் வேலையாட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். தொப்பி போட்டவர் மறுபடி மண்வெட்டியோடு அங்கே போய் நிற்பதா? அம்மா அன்று சோறு வடிக்கும்போது அழுதது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை நடுப்பகல். மாமா காருக்குத் தண்ணீர் எடுக்க, மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போயிருந்தார். கார் கொட்டகையில் நான் தனியே. முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடியை எவரும் தொடக்கூடாது என்பது கட்டளை. அதைச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். அது திருப்பி அடித்துத்தான் பங்களாக் காவல்காரருக்கு மணிக்கட்டு முறிந்தது. ஊரில் மாமா ஒருவர்தான் அதைச் சுற்றும் ஆண்பிள்ளை.

நான் பிடித்தேன். இழுத்தேன். அது வந்தது.

பொய் சொல்லவில்லை, இரும்பு என் கைக்கு இணங்கி வந்தது. உள்ளே எங்கேயோ பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். மறுபடி சுற்றினேன். ஓர் இடத்தில் மட்டும் முட்டியது. இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு தொங்கினேன், அதுவும் இறங்கியது. உடம்பெல்லாம் புல்லரித்தது. பீமசேனனுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். வெளியே ஓடிக் கூட்டாளிகளைக் கூட்டி வந்து சுற்றிக் காட்டினேன். கங்காணி வீட்டுப் பையன் வாயைப் பிளந்தான். தண்ணீர் வாளியோடு வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். சாப்பாட்டுக்கு வந்த அப்பாவும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

“இன்னொருக்கா சுத்து” என்றார் அப்பா. சுற்றினேன். “மெதுவா.” மெதுவாகச் சுற்றினேன். அவர் காருக்குப் பின்னால் போய், மண்டியிட்டு, புகைக்குழாயில் காதை வைத்தார். என் அப்பா எனக்கு முன்னால் மண்டியிட்டுக் கிடக்கிறார் என்றே அன்று எனக்குத் தோன்றியது. எழுந்தவர் நேராக மாமாவைப் பார்த்தார்.

“மாப்ள, பச்சப்புள்ள சுத்துறான். உனக்கு ஒண்ணும் தோணலையா?”

“லேசாத்தான் இருந்துச்சு மச்சான். வண்டி எனக்குப் பழகிடுச்சுன்னு நெனச்சேன்.”

“பழகுறதுக்கு அது என்ன மாடா? உள்ள காத்தை அமுக்கி நிறுத்தணும். அப்பத்தான் வெடிக்கிற வேகம் சக்கரத்துக்குப் போகும். நிக்காம எல்லாம் பின்னால ஓடுது. வால்வு தேஞ்சு கெடக்கு.”

காரை ஸ்டோர் வாசலுக்குத் தள்ளிப்போனோம். அப்பா எஞ்சின் தலையைக் கழற்றித் தூக்கியபோது நான் பார்த்ததை இன்றும் மறக்கவில்லை. இத்தனை நாள் உறுமிய மிருகத்தின் வயிற்றுக்குள் நாலு கிணறுகள். கிணற்றோரம் அடிப்பிடித்த சோற்றுப்பானைபோலக் கரி. பக்கத்தில் காளான் வடிவத்தில் வால்வுகள். அவை எழும்பி வழிவிட வேண்டும், உட்கார்ந்து வழியடைக்க வேண்டும். புகை போகும் பக்கத்து வால்வுகளில் மூன்றின் விளிம்பு அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல இருந்தது. நான்காவது மட்டும் நன்றாயிருந்தது. எனக்கு முட்டிய இடம் அதுதான்.

கரியைச் சுரண்டினோம். அப்பா குருந்தக்கல் பொடியை எண்ணெயில் குழைத்து விளிம்பில் தடவி, வால்வை அதன் இருக்கையில் வைத்து, அரைவட்டம் இப்படியும் அரைவட்டம் அப்படியுமாகத் திருப்பினார். கொஞ்சம் தூக்குவார், இடம் மாற்றி உட்கார்த்துவார், மறுபடி திருப்புவார். முதலில் கரகரவென்று பல்லைக் கூச வைத்த சத்தம் போகப்போகப் பட்டுத் துணியைத் தேய்ப்பதுபோல் ஆனது. துடைத்துக் காட்டினார். தழும்பெல்லாம் போய், விளிம்பைச் சுற்றி மங்கிய வெள்ளி மோதிரம்போல ஒரு வளையம். அடுத்ததை மாமா வாங்கித் தேய்த்தார். “அமுக்காத மாப்ள, அது உன் பொண்டாட்டி தலையில்ல” என்றார் அப்பா. மாமாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை, சிரித்துவிட்டார். தேநீர் கொண்டுவந்த அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “இந்தக் காரு தீவாளி மறுநாளே கெட்டிருக்கக்கூடாதா” என்றாள்.

உட்கார்ந்த வால்வுகள்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். கீழே ஒரு துளி கசியவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றையும் பூட்டி முடித்தார்கள்.

ஞாயிறு காலை பாதித் தோட்டம் வாசலில் கூடிவிட்டது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். அது அசையவில்லை. தொங்கினேன். உள்ளேயிருந்து யாரோ தோளைக் கொடுத்துத் தள்ளுவதுபோல் என்னை மேலே தூக்கிவிட்டது. நான் மண்ணில் விழுந்ததைக் கண்டு அப்பாவும் மாமாவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் அழுதேன். மாமா முழுப் பலத்தோடு ஒரு சுண்டு சுண்டினார். கார் இடிபோல் எழுந்தது.

பகலில் பெரிய துரையை ஏற்றிக்கொண்டு அது வளைவு வளைவாக மேலே வந்தது. எங்கும் நிற்கவில்லை, இருமவில்லை. மலைகள் அந்தச் சத்தத்தை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கித் திருப்பிச் சொல்லின. மாமாவின் தொப்பி தப்பியது. லயத்து வாசலில் நின்ற நான் என் மெலிந்த கைகளைப் பார்த்துக்கொண்டேன். நேற்று என்னிடம் இருந்த பலம் இன்று இல்லை. அது எங்கே போயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. “அந்தா ஏறுது பாரு, அது என் பலம்” என்று கங்காணி வீட்டுப் பையனிடம் சொன்னேன். அவனும் நம்பினான்.

கைப்பிடி எனக்கு இணங்கியது கார் நோயில் கிடந்ததால், என்னைத் தூக்கியெறிந்தது அது குணமானதால் என்பது மோட்டார் வேலை பழகிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. இருக்கட்டும். எங்கள் கல்யாண வீடுகளில் இன்னமும் இந்தக் கதை நடக்கிறது. காரைப் பிழைக்க வைத்தது எங்கள் அப்பா என்று ஒரு பக்கம், மாமா என்று மறுபக்கம். ஒருவர் கம்பளி போர்த்திக்கொண்டிருந்தார், மற்றவர் கசாயம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். நோய் எங்கே என்று காட்டிக்கொடுத்த கை என்னுடையது. இனி இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் என் பெயரை முதலில் சொல்லிவிட்டு மேலே போகட்டும்.