சாமிக்குப் பசி

உங்கள் வீட்டில் யாருக்காவது சாமி வந்து, அது சாமியே இல்லை என்று பிறகு தெரிந்திருக்கிறதா?

இன்று காலை முதியோர் ஹாஸ்டலில் இன்சுலின் ஊசி போட, தொடையில் ஸ்பிரிட் தேய்த்தேன். அந்த வாசனையில் ஆர்.கே.பேட்டை வீட்டுச் சரசா அத்தை நினைவுக்கு வந்துவிட்டாள். அத்தைக்கும் என்னைப் போலவே சர்க்கரை. கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து, தினமும் தானே இன்சுலின் போட்டுக்கொள்வாள். அறுபதுகளின் கடைசியில், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, ஓர் ஆடிக் கிருத்திகை. விரதம் என்று சாப்பாட்டை விட்டவள், ஊசியை விடவில்லை.

பதினோரு மணிக்கு அத்தைக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை உதறியது. என்னை உற்றுப் பார்த்து ஆண்குரலில் கேட்டாள். "நீ யாரு?"

"முருகன் வந்துகிறாரு!" பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எம்.ஏ. படித்த மனுஷன்!

தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுக்காரி காலில் விழுந்தாள். "முருகா, எம் பொண்ணுக்கு எப்போ கல்யாணம்?"

வெளுத்த உதடு மெல்ல அசைந்தது. "பசிக்குது."

"சாமிக்குப் பசியாம், பொங்கல எட்தாங்கடி!" கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

"இரு, மொதல்ல சூடம் காட்டணும்" என்றார் பெரியப்பா.

சூடம் எரிந்து அணையும்வரை யாரும் பொங்கலைத் தொடவில்லை. அதற்குள் அத்தையின் கண் மேலே செருகத் தொடங்கியது. அம்மாதான் பயந்துபோய், சர்க்கரைப் பொங்கலை அவள் வாயில் ஊட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அத்தை நிமிர்ந்தாள். "இன்னாத்துக்கு எல்லாரும் என் கால்ல உழுந்துகினு கீறீங்க?"

"சாமி மலையேறிடுச்சு" என்றார் பெரியப்பா.

மறுநாள் டாக்டர் சொன்னார்: "ஊசி போட்டுட்டு சாப்பிடலன்னா சர்க்கரை எறங்கிடும். சூடம் இன்னும் கொஞ்சம் எரிஞ்சிருந்தா ஆளே இல்ல."

நான் ஊசி போட்டு முக்கால் மணி நேரம் ஆகிறது. மெஸ் இன்னும் திறக்கவில்லை.