ஐஸ் பெட்டிக்கு ஒரு ஹூடி

சும்மா உட்கார எனக்கு வராது. என் அண்ணன் மகள் எடுத்த குறும்படத்தில் எனக்குக் கிடைத்த வேலையோ அது ஒன்றுதான். செத்தவரை நடுவீட்டில் கிடத்திவிட்டு, யார் கொண்டுவந்த மாலை பெரிது என்று சொந்தக்காரர்கள் சண்டை போடுகிற சிரிப்புப் படம். நல்லூரில் எங்கள் வீட்டில்தான் படப்பிடிப்பு. விதவையாக நடிக்க வேண்டிய பெண் கடைசி நேரத்தில் வரவில்லை.

"அத்தை, நீங்க பெட்டிக்குப் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தாப் போதுமுங்க" என்றவள், யாரிடம் கேட்கிறோம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் போய் வருஷம்கூடத் திரும்பவில்லை.

"அதுக்கென்ன கண்ணு, எனக்குத்தான் ஒத்திகை முடிஞ்சுதே" என்றேன்.

நான் ஒப்புக்கொண்டது அவளுக்காக இல்லை, அந்த ஐஸ் பெட்டிக்காக. என் வீட்டுக்காரருக்குக் குளிர் என்றாலே ஆகாது. பங்குனி வெயிலிலும் மின்விசிறி ஒன்றாம் நம்பருக்கு மேல் போகக் கூடாது. மழை தூறினால் காதில் பஞ்சு. அப்படிப்பட்ட மனிதர் பிழைப்புக்குத் தைத்ததெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் போடுகிற, தொப்பி வைத்த ஹூடிகள். வெள்ளைக்காரனுக்குக் குளிராமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்று சிரிப்பார். கடைசியில், வெளிநாட்டிலிருந்து மகள் வந்து சேரும்வரை அவரையே ஐஸ் பெட்டியில் வைத்தோம்.

உறவுமுறை எல்லோரும் கோடித்துணி கொண்டுவந்தார்கள். வெள்ளை வெள்ளையாக, ஒன்றின் மேல் ஒன்றாக, அத்தனையும் கண்ணாடிக்கு மேலே. ஒன்றுகூட அவர் மேல் படவில்லை. உள்ளே ஒரு போர்வை போடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "மாப்பிள்ளைக்கு இனி என்ன குளுரு? ஊரே பாக்குது, சும்மா இரு அம்மிணி" என்றார். இருந்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்பே கொள்ளவில்லை. மடித்த துணியையே மடிப்பேன், துலக்கிய பாத்திரத்தையே துலக்குவேன். அவருக்குக் குளிர்ந்திருக்குமா என்று யாரைக் கேட்பது? பைத்தியம் என்பார்கள். எனக்கே பாதி அப்படித்தான் தோன்றியது.

படப்பிடிப்பன்று பெட்டிக்காரர் வந்தார். வாடகைப் பெட்டியைக் கூடத்தில் இறக்கினார், துடைத்தார், போய்விட்டார். பிணமாக நடிக்க வந்தவர் பக்கத்து பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், மதுரைப் பக்கத்துக்காரர். நடிப்பென்றால் உயிர். மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு, மெல்லிய வேட்டி சட்டையோடு உள்ளே படுத்தார். மேலே கண்ணாடி மூடி. அடுத்த வீட்டில் தையல் மிஷின்கள் ஓடுகிற இரைச்சலில் மெல்லிய சத்தம் எதுவும் காதில் விழவில்லை.

கேமரா ஓடியது. மாலைச் சண்டை ஆரம்பமானது. நான் பெட்டியோரம் உட்கார்ந்து புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, கை ஆடுதுங்க. கொஞ்சம் அசையாம இருங்க."

சரி என்று கையைக் கண்ணாடிமேல் வைத்தேன். சில்லென்றிருந்தது.

உள்ளே மாஸ்டரின் கால் கட்டைவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், பாடி அசையக் கூடாதுங்க!" என்று அண்ணன் மகள் கத்தினாள். அந்த மனிதரும் பல்லைக் கடித்துக்கொண்டு செத்துக் கிடந்தார்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். பிளக் சொருகியிருந்தது. பாவம், பெட்டிக்காரர்மேல் குற்றமில்லை. போகிற வீட்டிலெல்லாம் பெட்டியை இறக்கியதும் பிளக்கைச் சொருகித்தான் அவருக்குப் பழக்கம். நடிப்புக்கென்று யார் அவரிடம் பெட்டி கேட்டிருக்கிறார்கள்?

எழுந்தேன். "அத்தை, உக்காருங்க!" என்றாள். பிளக்கைப் பிடுங்கினேன். பீரோவைத் திறந்து, என் வீட்டுக்காரர் சாம்பிளுக்குத் தைத்து மடித்து வைத்திருந்த ஹூடியை எடுத்தேன். குளிர் குளிர் என்பாரே தவிர, துணி வாங்க வருகிற வெளிநாட்டு பையருக்குக் காட்டுகிற பீஸ் என்று அதைத் தொட்டதே இல்லை. மாலையோடு நின்றவர்களை விலக்கிவிட்டு மூடியைத் தூக்கினேன். பிணத்தை எழுப்பி உட்கார வைத்து, குழந்தைக்கு மாட்டுவதுபோலக் கையை நுழைத்து மாட்டினேன். தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டேன்.

"நெசமாவே செத்துருவேன்னு நெனச்சேன்க்கா" என்றார் மாஸ்டர். பல் தந்தியடித்தது. மூக்கில் பஞ்சு அப்படியே இருந்தது. மாலைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ரொம்பக் குளுந்துச்சா தம்பி?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. முதுகுலருந்து ஏறிச்சு."

அவ்வளவுதான். சாவன்று வராத அழுகை அப்போது வந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு, தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு அழுதேன். அண்ணன் மகள் கேமராவை நிறுத்தவில்லை. படத்தில் அந்த இடம் அப்படியே இருக்கிறது. பார்க்கிறவர்கள் அங்கேதான் அதிகம் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன்.

எல்லோரும் கிளம்பும்போது வாசலில் வெயில் நெருப்பாய்க் கொளுத்தியது. மாஸ்டர் வேர்த்து ஒழுக, "இந்தாங்கக்கா, ஐயாவோட துணி" என்று ஹூடியைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க தம்பி" என்றேன். ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றிவிட்டேன். "இன்னும் கொஞ்ச நேரம் போட்டிருங்க."