கல்யாணி சொன்ன ‘ஆமாம்’

கல்யாணியின் வீட்டுக்காரர் கோபாலகிருஷ்ணன் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் சாப்பாடு தூக்கம் இரண்டையும் மறந்துவிடுவார். கல்பாக்கம் நகரியத்தில் அந்த ரகத்து ஆட்கள் நிறைய உண்டு. பகலெல்லாம் ஆராய்ச்சிக் கூடத்தில் வால்வுகளோடு குடித்தனம் நடத்திவிட்டு, வீட்டுக்கு வந்தும் எதையாவது கழற்றி மாட்டாவிட்டால் அவர்களுக்குக் கை நமநமக்கும். ஒருத்தர் பழைய ரேடியோ, இன்னொருத்தர் தேனீப் பெட்டி. கோபாலகிருஷ்ணனுக்கு இரண்டாயிரத்து மூன்றில் பிடித்த பைத்தியம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதி வாசலில் அது அலங்காரத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உப்புக்காற்று அடிப்பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. ஈசிஆர் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டு போன மனுஷன், விடுதி கைமாறப் போகிறது என்று காதில் விழுந்த மறுநாளே போய்ப் பேசி முடித்துவிட்டார். கல்யாணியிடம் மூச்சு விடவில்லை. அவளை அசத்த வேண்டுமாம்.

அவள் அசந்துதான் போனாள். செங்கல்பட்டில் மெக்கானிக் ஏசுபாதத்தின் ஷெட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய், தார்ப்பாயை உருவினார். உள்ளே வெளிர்நீலத்தில் ஒரு ஹெரால்டு நின்றது.

“சார் ஒரு மாசமா கலரு அட்டய வெச்சிகினு என் உயிர எடுத்துட்டாரு மேடம்” என்றார் ஏசுபாதம். “இது இல்ல, அது இல்லன்னு ஒரே பேஜாரு. உங்க நைனா வண்டி இதே கலருதானா, நீங்களே சொல்லுங்க.”

கோபாலகிருஷ்ணன் பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கும் பையனைப் போல அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஆமாம்” என்றாள் கல்யாணி.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பும் அவள் இதையேதான் சொன்னாள். அந்த ஒற்றை வார்த்தையில்தான் அவளுடைய பொய் மொத்தமும் அடங்கியிருந்தது.

ராஜபாளையத்தில் அவளுடைய அப்பா திருவேங்கடம் ஒரு பஞ்சாலை முதலாளிக்கு கார் ஓட்டினார். முதலாளி வீட்டில் ஷெட்டு இல்லாததால் இரவில் வண்டி திருவேங்கடத்தின் வீட்டு வாசலில்தான் நிற்கும். விடிந்ததும் அவர் அதைக் குளிப்பாட்டித் துடைப்பார். பெண் பார்க்க வாலாஜாவிலிருந்து வந்தவர்கள் வாசலில் பளபளவென்று நின்ற காரைப் பார்த்தார்கள். தரகர் “பெண்ணோட அப்பா மில்லுல இருக்கார்” என்று மட்டும் சொல்லியிருந்தார். அது பொய்யில்லை. தரகர்கள் பொய் சொல்வதில்லை, பாதி உண்மையோடு நிறுத்திக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு முதலாளி வண்டியைக் கொடுத்தார். திருவேங்கடம் பட்டுக்கரை வேட்டி கட்டி, தானே ஓட்டி, மாப்பிள்ளையை ஊர்வலமாக மண்டபத்துக்கு அழைத்து வந்தார். மாமனார் சொந்த வண்டியில் தன் கையாலேயே ஓட்டி அழைத்து வருகிறார் என்று கோபாலகிருஷ்ணனுக்குப் புல்லரித்துவிட்டது.

கல்யாணம் ஆன மூன்றாம் நாள் அவர் கேட்டார். “அந்த ஹெரால்டு உங்க வண்டியா? என்ன அழகா வெச்சிருக்கார் உங்கப்பா.” கல்யாணிக்கு அப்போது இருபது வயது. மாமியார் பக்கத்து அறையில் இருந்தாள். “ஆமாம்” என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு திருத்தியிருக்கலாம். ஒரு வாரம் கழித்தாவது திருத்தியிருக்கலாம். ஒரு வருஷம் போனபிறகு எந்த வாயால் திருத்துவது?

அதன் பிறகு ராஜபாளையம் போகிற ஒவ்வொரு தடவையும் அவள் பாடு திண்டாட்டம்தான். ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோ பிடித்து நேரே வீடு. கோயில், கடைத்தெரு, டீக்கடை எதற்கும் அவரைத் தனியாக விடமாட்டாள். ஊரில் அப்பாவுக்கு ‘டிரைவர் திருவேங்கடம்’ என்றுதான் பெயர். யாராவது கூப்பிட்டுத் தொலைத்தால் கதை கந்தலாகிவிடும். கார் எங்கே என்று மாப்பிள்ளை கேட்டபோது அப்பா ஒரு நிமிஷம் மகளைப் பார்த்தார். முதலாளி காலமாகி, அவர் பிள்ளைகள் வண்டியைத் தள்ளிவிட்டிருந்த சமயம் அது. “வித்தாச்சு மாப்பிள்ள” என்றார். யார் விற்றது என்று அவர் சொல்லவில்லை. பொய் சொல்லி வழக்கமில்லாத மனுஷன், மகளுக்காக அந்த அளவுக்கு மட்டும் போனார்.

ஆனால் கல்யாணியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது அதுவல்ல. அதற்கும் முந்தின ஒரு லீவு, அப்பா இன்னும் வேலையில் இருந்தபோது. ஊர் போய்ச் சேர்ந்த அன்று கொல்லையில் கொடியில் அவருடைய காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கோபாலகிருஷ்ணன் கை கால் கழுவக் கொல்லைப்பக்கம் வருவதற்குள் அவள் ஓடிப்போய், ஈரத்தோடு அதை உருவிச் சுருட்டி, விறகுக்குப் பின்னால் திணித்தாள். நிமிர்ந்தபோது அப்பா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவள் போனபோது கொடியில் காக்கியே இல்லை. அதற்கடுத்த வருஷங்களிலும் இல்லை. மகள் வருகிறாள் என்றால் அவரே எடுத்து ஒளித்துவைத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சட்டைதான் அவளைப் படிக்க வைத்தது என்பதும் தெரியும்.

இப்போது இந்தக் கார் வந்து நிற்கிறது.

கோபாலகிருஷ்ணன் சாப்பாட்டு மேஜையில் தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்துவிட்டார். சாம்பார் பாத்திரம் தரையில் இறங்கியது. பொங்கல் லீவில் ராஜபாளையத்துக்குக் கிளம்புவது, அப்போதுதான் வெயில் தணிந்திருக்கும், பழைய இஞ்சின் கொதிக்காது. விடியற்காலையில் செங்கல்பட்டு தாண்டிவிட வேண்டும். திண்டிவனத்தில் டிபன். உளுந்தூர்ப்பேட்டையில் இஞ்சினுக்கு ஓய்வு, திருச்சியில் ராத்தங்கல், மறுநாள் மதுரை வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர். சாலை அகலப்படுத்துகிற வேலை எங்கெங்கே நடக்கிறது என்று லாரிக்காரர்களை விசாரித்து பென்சிலால் குறித்தார். இரண்டு ஃபேன் பெல்ட், ஒரு கண்டன்சர், தண்ணீர் கேன். பொத்தேரியில் ஹாஸ்டலில் இருந்த மகள் ஸ்வாதிக்கும் போன் போட்டாயிற்று.

“முக்கியமான கட்டம் கடைசியில வருது பாரு” என்றார் ஒரு நாள். “ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாமாவ வரச் சொல்லிடலாம். அங்கேர்ந்து அவர்தான் ஓட்டணும். அன்னிக்கு என்னை எந்தத் தெரு வழியா அழைச்சிட்டுப் போனாரோ அதே தெரு. நான் முன்னாடி அவர் பக்கத்துல, நீயும் ஸ்வாதியும் பின்னாடி. ஊரே பாக்கட்டும்.”

ஊர் பார்க்கும். பார்த்து, “என்னண்ணே, மறுபடியும் டிரைவர் வேலையா?” என்று கேட்கும். கல்யாணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. வண்டி ரிப்பேராகிவிடக் கூடாதா என்று கூட வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டதற்கும் சேர்த்துக் குற்ற உணர்வு வந்தது. இந்த மனுஷன் தன் சந்தோஷத்துக்கா இத்தனையும் செய்கிறார்?

டிசம்பர் கடைசியில் திருப்போரூர் முருகன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டார்கள். குருக்கள் பானெட்டில் சந்தனம் தடவி, மாலை போட்டார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அப்படியே நெம்மேலி வழியாகக் கடற்கரைக்கு ஒரு சுற்றுப் போகலாம் என்று கோபாலகிருஷ்ணன் வண்டியைத் திருப்பினார். இரண்டு பக்கமும் உப்பங்கழி, நடுவில் சாலை. ஹெரால்டு தையல் மிஷின் மாதிரி சீராக ஓடியது.

“காலைல மாமாவுக்குப் போன் போட்டேன்” என்றார். “நீங்கதான் ஓட்டணும்னு சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“‘சரிங்க மாப்பிள்ள’ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. சந்தோஷம்போல.”

கல்யாணிக்கு அந்த மௌனம் நன்றாகவே கேட்டது. கிணற்றடியில் நின்ற அதே மௌனம்.

“ஏங்க, வண்டிய நிறுத்துங்க” என்றாள்.

ஓரங்கட்டினார். அவள் எதிரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முதலாளி, தரகர், ஆமாம், காக்கிச் சட்டை, எல்லாவற்றையும். அழுகை வரவில்லை, அவமானம்தான் வந்தது.

கோபாலகிருஷ்ணன் இறங்கினார். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். அதைத் திறந்து, எந்தக் கோளாறும் இல்லாத இஞ்சினைக் குனிந்து பார்த்தபடி நின்றார். பக்கிங்காம் கால்வாய்ப் பக்கமிருந்து சைக்கிளில் மீன்கூடையோடு வந்த ஒருவர், “இன்னா சார், மக்கர் பண்ணுதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். கோபாலகிருஷ்ணன் முன்பக்கத்தை மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

“டிரைவர்னு தெரிஞ்சா உன்னைக் கட்டியிருக்க மாட்டேன்னு நெனச்சியா?”

“உங்கம்மா விட்டிருப்பாங்களா?”

அவரால் விட்டிருப்பாள் என்று சொல்ல முடியவில்லை. அதற்குள் மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. அவளைச் சாட்சிக்கும் கூப்பிட முடியாது.

“அம்மாவ விடு. நான் உன்கூட இத்தன வருஷம் இருந்தேனே கல்யாணி” என்றார். வீடு போய்ச் சேரும்வரை அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் வரை அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வரைபடம் மேஜையில் அப்படியே கிடந்தது. பக்கத்து க்வார்ட்டர்ஸ் வசுமதி மாமி வந்து, “எப்போ கிளம்பறேள்?” என்று கேட்டபோது கல்யாணி கணவரைப் பார்த்தாள். “பொங்கலுக்கு மாமி. தேதி மாறல” என்றார் அவர். மாமி போனபிறகு, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கல்யாணியிடம் சொன்னார்: “மாமாவுக்குப் போன் போடு. எனக்குத் தெரியும்னு சொல்லு. இனிமே அவர் எதையும் மறைக்க வேணாம். வண்டி அவர்தான் ஓட்டணும், அதுல மாத்தம் இல்ல.”

கல்யாணி போன் போட்டாள்.

“அப்பா, அவர்கிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன்.”

“மாப்பிள்ள வஞ்சாராம்மா? சத்தம் போட்டாரா?”

“இல்லப்பா. வஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும். அந்தச் சட்டய நான் ஒளிச்சு வச்சிருக்கக் கூடாதுப்பா.”

“அதுக்கென்ன. சின்னப் பிள்ள நீ. புகுந்த வீட்டுல தலகுனிய முடியுமா” என்றார். அவர் அப்படி அவள் பக்கம் பேசியதுதான் அவளைப் போட்டு அறுத்தது.

“அவர் இப்பவும் நீங்கதான் ஓட்டணும்ங்கறார்ப்பா. ஊரே பாக்கணுமாம்.”

திருவேங்கடம் தயங்கினார். “ஓட்டச் சொன்னா ஓட்டுதேன். மாப்பிள்ள ஆசையா சொல்லுதாரு. ஆனா ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டாரே?”

“சொல்லுங்கப்பா.”

“அத்தன வருஷம் ஓட்டிருக்கேன், பின் சீட்டுல ஒரு நாளும் உக்காந்தது இல்லம்மா. தொடைப்பேன், கதவத் தெறந்துவிடுவேன், அவ்வளவுதான். வண்டி சும்மா நிக்கும்போதுகூட உக்காரத் தோணல. ஒரே ஒரு தடவ பின்னால உக்காந்து நம்ம தெருவுக்குள்ள வாரேனே.”

கல்யாணி சரி என்று சொன்னாளா, சொல்லவில்லையா என்று அவளுக்கே நினைவில்லை. போனை வைத்துவிட்டு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் பேப்பரை மடித்தார். மேஜைக்குப் போய், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் தான் எழுதியிருந்ததை ரப்பரால் அழுத்தி அழித்தார்.

“அப்போ நான் ஓட்டறேன். ஸ்வாதி முன்னாடி வரட்டும், நீ அவர் பக்கத்துல உக்காரு. வீட்டு வாசல் வந்ததும் நான் இறங்கிப் போய்க் கதவ தொறந்துவிடறேன்.”

“வேண்டாம்” என்றாள் கல்யாணி. “நான் முன்னாடி உக்கார்றேன். கதவ நான்தான் தொறக்கணும்.”