துண்டுச்சீட்டில் இல்லாத கேள்வி

எங்கள் ஆயரும் நானும் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தவர்கள். இது பொய். பொம்மிடி ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னேன், மூன்று பேர் நம்பியும் விட்டார்கள். நடந்தது என்னவென்றால், எங்கள் தெருச் சாக்கடையைத் தாண்டும்போது அவருக்குக் கால் வழுக்கியது. கைக்கு எட்டியது என் தோள். பிடித்தார், தாண்டினார், விட்டுவிட்டார். ஆனால் ஓர் ஆயர், ஜில்லாவுக்கே பிஷப், எங்கள் தெருச் சாக்கடையை எதற்காகத் தாண்டினார் என்பதில் துளியும் பொய் கிடையாது.

நான் லாரிக்கு மரவள்ளிக் கிழங்கு மூட்டை ஏற்றுகிறவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. இதைக்கூட ஃபோனிடம்தான் பேசுகிறேன். அது எழுதுகிறது, என் மகள் திருத்துகிறாள்.

எங்கள் ஊரில் நாற்பது சொச்சம் கத்தோலிக்கக் குடும்பங்கள். சின்னதாக ஒரு கோயில் உண்டு, சாமியார் கிடையாது. பங்குக்கோயில் ஆறு கிலோமீட்டர் தள்ளி. அங்கே இருக்கும் சாமியாருக்கு எங்கள் ஊரைப் போலப் பதினோரு ஊர். மாதம் ஒரு பூசை வைப்பார். அதுவும் வேறு ஊரில் சாவு விழாமல் இருந்தால்.

ஆயரை நாங்கள் ஆண்டவர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வருவதென்றால் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வாழைமரம், மேளம், வரிசையாகப் பொன்னாடை. மண்டியிட்டு மோதிரத்தை முத்தி செய்வோம். பூசை முடிந்ததும் பெரிய மனிதர்கள் நாலு பேரோடு சாப்பாடு. கார் கிளம்பும், கையாட்டுவோம். ஆயர்களின் முகத்தைவிட அவர்கள் காரின் பின்பக்கம்தான் எனக்கு நல்ல பழக்கம்.

இந்தத் தடவை தகவல் வேறு மாதிரி வந்தது. பூசைக்குப் பிறகு ஆயர் மக்கள் பேசுவதைக் கேட்கப் போகிறாராம். கோயில் கமிட்டியில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியாருக்கு அன்றிலிருந்தே தூக்கம் போய்விட்டது. ஜனங்கள் ஏதாவது உளறி ஊர் மானம் போய்விடும் என்று பயம். பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்து ஜெபம் சொல்கிற குழுவை அன்பியம் என்போம். அப்படி எங்களுக்கு நாலு அன்பியம். வாத்தியார் நாலு கேள்வியை அவரே எழுதி, அன்பியத்துக்கு ஒரு துண்டுச்சீட்டாகக் கொடுத்தார்.

என் மனைவி கேட்க நினைத்த கேள்வி அதில் இல்லை.

அவளுடைய தம்பி, என் மச்சான், தென்னை மரத்திலிருந்து விழுந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. விழுவதற்கு முன்னால் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். இப்போது ஞாயிறு வந்தால் குளிப்பாட்டச் சொல்லி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஃபோனில் பூசை பார்க்கிறான். நற்கருணை அப்பம் வாங்கும் நேரம் வந்தால் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். சாமியார் மாதம் ஒரு தடவை கொண்டுவந்து கொடுப்பார். இந்த ஈஸ்டருக்கு அதுவும் இல்லை. அன்றைக்குக் கறிக்குழம்பு வைத்தும் அவன் சோற்றைத் தொடவில்லை.

மனைவி வாத்தியாரிடம் போய்ச் சொன்னாள்.

"ஏம்மா, ஆண்டவரு எவ்ளோ பெரியவரு. வூட்டு விவகாரத்தையெல்லாம் அவருகிட்ட கொண்டு போலாமா?"

"வூட்டு விவகாரம் இல்லீங்க சார். நற்கருணை கேக்கறங்க."

"சாமியாரு மேல கம்ப்ளைன்ட் பண்ண மாதிரி ஆயிரும்மா."

வாசலிலேயே பேச்சு முடிந்துவிட்டது. எங்கள் அன்பியத்துச் சீட்டை யார் படிப்பது என்ற பேச்சு வந்தபோது, நான் இருக்கிறேன் என்று கையைத் தூக்கினேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"உங்களுக்குத்தான் படிக்கவே வராதே, எதுக்குக் கைய தூக்குனீங்க?"

"நீ சொல்லிக் குடு, மனப்பாடம் பண்ணிக்கறேன்."

"இளையோரின் ஆன்மீக வளர்ச்சிக்குத் தாங்கள் வகுத்துள்ள திட்டங்கள் யாவை?" மூன்று நாள் மூட்டை ஏற்றும்போதெல்லாம் இதையே சொன்னேன். கூட ஏற்றியவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அந்த நாள் வந்தது. பூசை முடிந்ததும், போட்டிருந்த மேடைப் பக்கம் ஆயர் போகவே இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு எங்கள் நடுவில் உட்கார்ந்தார். வாத்தியாருக்கு வியர்த்தது. முதல் அன்பியம் கேட்டது, இரண்டாவது கேட்டது, ஆயரும் பொறுமையாகப் பதில் சொன்னார். என் முறை வந்தது. மைக்கைப் பிடித்தேன்.

"ஆண்டவரே, இளையோரின்..." என்றேன். அதற்கு மேல் வண்டி நகரவில்லை. சீட்டைப் பார்த்தேன். அதுவும் உதவவில்லை.

"ஆண்டவரே, மன்னிக்கோணும். இதுல என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியலீங்க."

கோயில் முழுக்கச் சிரித்தது. ஆயரும் சிரித்தார். "எழுதுனத வுடுங்க. உங்களுக்கு என்ன கேக்கணும்?" என்றார்.

கதவைத் திறந்துவிட்டார், எனக்குத்தான் உள்ளே போகத் தெரியவில்லை. மச்சான் என்று ஆரம்பித்துத் தென்னை மரத்துக்குப் போய், அந்த மரம் எத்தனை காய் காய்க்கும் என்பதில் நின்றேன். என் மனைவி எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"ஆண்டவரே, எந் தம்பி ரெண்டு வருசமா படுத்த படுக்கைங்க. வாராவாரம் நற்கருணை வேணும்ங்கறான். சாமியாருக்குப் பதினோரு ஊருங்க, அவர குத்தஞ் சொல்லலீங்க. ஈஸ்டருக்குக்கூட கெடைக்கல. அவன் கேட்டா நான் என்னங்க சொல்றது?"

நான் பார்த்த வரைக்கும் ஜில்லாவில் அப்படி ஒரு மைக் பேச்சு இல்லை. தேர்தல் கூட்டங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"வூடு எவ்ளோ தூரங்க?" என்றார் ஆயர்.

"கூப்புடு தூரந்தாங்க."

அவர் எழுந்துவிட்டார். வாத்தியார் ஓடிவந்து, சாப்பாடு ஆறிப்போகும் என்றார். "ஆறுனா பரவால்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு நற்கருணையை எடுத்துக்கொண்டு நடந்தார். பங்குச் சாமியார் கூட வந்தார். சாக்கடை, தோள் எல்லாம் அப்போது நடந்தவைதான்.

நான் முன்னால் ஓடி மச்சானிடம் சொன்னேன். நம்பவில்லை.

"மாமா, காலையிலேயே போட்டுட்டியா?"

"டேய், ஆண்டவரு நெசமா வராருடா."

வாசலில் நிழல் விழுந்ததும் அவன் கை சட்டைப் பொத்தானைத் தேடியது. ஆயர் கட்டிலிலேயே உட்கார்ந்தார். நற்கருணை கொடுத்தார். வாங்கிக்கொண்ட மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. நான் வெளியே போய் மேளக்காரர்களைத் திட்டுவதுபோல் நின்றேன். அங்கே மேளக்காரர்கள் யாரும் இல்லை.

உள்ளே ஆயர் என் மனைவியிடம் கேட்டார், "நீங்களே வாராவாரம் கொண்டாந்து குடுக்கறீங்களா? பயிற்சி இருக்குது. நான் அனுமதி தரேன்."

"ஐயோ, இது களை வெட்டற கைங்க."

"என்ன களை?"

"மரவள்ளிக் காட்டுக்குங்க."

"இந்த வருசம் மாவுப்பூச்சி எப்படிங்க?"

அடுத்த பத்து நிமிடம் மாவுப்பூச்சியைப் பற்றித்தான். கிளம்பும்போது அவள் சரி என்று சொல்லியிருந்தாள். எப்போது சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

பயிற்சிக்கு நாலு சனிக்கிழமை தர்மபுரிக்குப் போய்வந்தாள். வண்டி ஓட்டியது நான். ஊரில் முதலில் முகம் சுளித்த இரண்டு பேர், இப்போது தங்கள் வீட்டுக் கிழவிக்கும் கொண்டுவரச் சொல்லி அவளைக் கேட்கிறார்கள். வாத்தியார் அவளைப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்குகிறார். என்னைப் பார்த்தால் இறங்குவதில்லை, நியாயம்தான்.

கடைசிச் சனிக்கிழமை ஆயர் இல்லத்து வராண்டாவில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆயர் எதிரே வந்தார். எழுந்திருப்பதா, மண்டியிடுவதா, டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவரே பக்கத்தில் உட்கார்ந்து, "மச்சான் எப்படி இருக்காரு?" என்றார். ஆயிரம் பேரைப் பார்க்கிற மனிதர் அவனை ஞாபகம் வைத்திருந்தார். அந்தத் தைரியத்தில் நானும் அவரிடம் ஒன்று கேட்டேன், ஆண்டவரே, நீங்கள் மட்டும்...

"ஏங்க, அந்த ஃபோன்ல பேசுனது போதும். பங்குக்கோயில்ல பூசைக்கு மணி ஆவுது, வண்டிய எடுங்க. தம்பி குளிச்சி, சட்ட மாட்டிட்டு காத்துட்டு கெடக்கறான்."