ஞாயிற்றுக்கிழமை விரதம்

வாரத்தில் ஒரு நாளாவது நாலு பேருக்கு உபயோகமாக இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் முடிவெடுத்தது நான்தான். இந்த மாதிரி விஷயங்களில் கணவருக்கும் மகளுக்கும் தலையாட்டும் வேலை மட்டும்தான். கணவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருக்கிறார், நான் கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன், மகள் அப்போது எட்டாம் வகுப்பு. ஜீயபுரம் தாண்டி, வாழைத்தோப்புகளுக்கு நடுவே பெண் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று இருந்தது. பெற்றோர் இல்லாதவர்களும், இருந்தும் கூட வைத்துக்கொள்ள வழியில்லாதவர்களுமாக நாற்பது குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீரங்கத்திலிருந்து காரில் கிளம்பிவிடுவோம். நான் பெரிய பெண்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பேன். மகள் சின்னக் குழந்தைகளுக்குக் கதை வாசிப்பாள். கணவர் ஓடாத ஃபேனையும் ஒழுகும் குழாயையும் பார்ப்பார். இதையெல்லாம் போட்டோ எடுத்து உறவினர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்டேன். எல்லாம் பெருமாள் அனுக்ரஹம் என்று பதில் வந்து குவிந்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

முதல் ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் வார்டன் அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. எங்கள் மூவருக்கும் தனியாக மூன்று தலைவாழை இலைகள். சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம். நாங்கள் சாப்பிடக்கூடாதது ஒன்றும் அதில் இல்லை. எனக்கு என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இல்லை, தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. சமையலறைப் பக்கம் பார்த்தேன், அங்கே நின்ற சமையல்கார அம்மாவைப் பார்த்தேன், யாரோ, எந்த மனிதர்களோ என்று மனசு ஒரு அடி பின்வாங்கியது. தென்னூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஹோட்டலில் அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே வெங்காய ரவாவை ரசித்துச் சாப்பிடுகிற நாக்குதான் இது.

எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விரதம், ஒரு வேண்டுதல் என்று வார்டன் அம்மாவிடம் சொன்னேன். மூன்று பேருக்குமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கணவர் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

வார்டன் அம்மாவுக்கு எங்கள் மேல் மரியாதை கூடிவிட்டது. பட்டினியோடு வந்து பாடம் நடத்துகிறார்கள் என்று குழந்தைகளிடம் சொல்லி, எங்களைக் கும்பிடவும் வைத்தார். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ரோட்டோரப் புளியமரத்தடியில் காரை நிறுத்தி, நான் கட்டிக்கொண்டு வந்திருந்த புளியோதரையையும் தயிர்சாதத்தையும் சாப்பிட்டோம். எதற்குப் பொய் சொன்னாய் என்று மகள் கேட்டாள். பேசாமல் சாப்பிடு என்றேன். அதற்கடுத்த ஞாயிறுகளில் அவள் கேட்கவில்லை. பழகிக்கொண்டுவிட்டாள் என்று நிம்மதிப்பட்டேன். என்ன நிம்மதியோ.

என் வகுப்பில் ஏழாவது படிக்கும் ஒரு பெண் இருந்தாள். எப்போதும் முன்வரிசை. அம்மா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர், பொங்கலுக்கு வந்து பார்த்ததோடு சரி. பின்னக் கணக்கு அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. நான் காரிலிருந்து இறங்கும்போதே ஓடிவந்து பையை வாங்கிக்கொள்வாள். அந்தப் பையில்தான் எங்கள் சாப்பாட்டு டப்பா இருந்தது என்பதால் ஒவ்வொரு முறையும் பிடுங்காத குறையாகத் திருப்பி வாங்கிக்கொள்வேன்.

ஐந்தாவது ஞாயிறு அவளுக்கு எல்லாக் கணக்கும் தப்பாக வந்தது. போன வாரமும் அப்படித்தான். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கவனமெல்லாம் எங்கே இருக்கிறது, உங்களுக்காக இவ்வளவு தூரம் வருகிறோம், கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா என்று எல்லார் எதிரிலும் திட்டினேன். கரும்பலகைக்கு வந்து போடு என்றேன். வந்தாள். சாக்பீஸை எடுத்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்து விழுந்தாள்.

தண்ணீர் தெளித்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க எடுத்து வந்தால் வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். பக்கத்தில் உட்காரும் பெண்தான் அழுதுகொண்டே சொன்னாள். நாலு வாரமாக ஞாயிற்றுக்கிழமை இவள் காலையிலும் மதியமும் சாப்பிடுவதில்லையாம். தன் பங்கைச் சின்னக் குழந்தைகளின் இலையில் தள்ளிவிடுவாளாம். வார்டன் அம்மா பதறிப்போனார். பிறகு என்னிடம் திரும்பி, "உங்களைப் பார்த்துத்தான் மேடம் இருந்திருக்கா. நீங்க சொன்னா கேப்பா, சாப்பிடச் சொல்லுங்க" என்றார். அந்தக் குரலில் பெருமைகூட இருந்தது. அன்று காலை நான் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன்.

சாப்பிடும்மா என்றேன். நீங்கள் சாப்பிடவில்லையே மிஸ் என்றாள். மகள் வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் விரதம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது, வா, சேர்ந்தே சாப்பிடலாம் என்றேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. அப்போதும் வாயில் வந்தது பொய்தான்.

கூடத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இலையில் சோறு விழுந்தது. சாம்பாரில் உப்பு கொஞ்சம் குறைவு, மற்றபடி எங்கள் வீட்டுச் சாம்பார் மாதிரிதான் இருந்தது. அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"வேண்டிக்கிட்டது நடந்துடுச்சா மிஸ்?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப எனக்கும் நடக்கும். அம்மா வந்து கூட்டிட்டுப் போகணும்னு வேண்டியிருக்கேன். இன்னும் எத்தனை வாரம் இருக்கணும் மிஸ்?"

கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தேன். இதற்கு ஒரு எண்ணைச் சொன்னால் அத்தனை வாரம் இந்தக் குழந்தை பட்டினி கிடக்கும், அதன் பிறகு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, நாங்கள் ஒரு வாரம்கூட விரதம் இருக்கவில்லை, நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். ஏன் மிஸ் என்று கேட்பாள், எங்கள் சாப்பாடு பிடிக்கவில்லையா என்று கேட்பாள், திட்டுவாள், அழுவாள், எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் அதில் எதையும் கேட்கவில்லை. என் இலையைப் பார்த்தாள், தன் இலையைப் பார்த்தாள்.

"அப்ப நான் இருந்தது சாமிக்குப் போய்ச் சேராதா மிஸ்?"

குனிந்து, இலையில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டு முடித்தேன்.