அடுத்தவர் காருக்குப் போட்ட பூஜை

ஊரில் எத்தனையோ வகை முட்டாள்கள் உண்டு. ஆனால் அடுத்தவர் காரைக் கழுவித் துடைத்து, பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஆயுத பூஜை கொண்டாடியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதுவும் எந்த டயரிலும் காற்றில்லாத கார். பழம் நசுங்க வேண்டுமென்றால் கார் நகர வேண்டும். மூன்று பேர் சேர்ந்து தள்ளியும் அது அசையவில்லை. கடைசியில் பழத்தை வெளியே எடுத்துச் சம்மட்டியால் அடித்து நசுக்கினேன். சாமி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூரில் குளத்துக்குப் போகும் வழியில், ஒரு சந்துக்குள் எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் பொதுவாக ஒரு லேத் பட்டறை இருந்தது. பம்புசெட்டுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்போம். எதிரே, மூடிக் கிடந்த ஒரு மில்லின் சுற்றுச்சுவர். அந்தப் பூஜைக்கு முந்தைய வருஷம் ஐப்பசியில் அடைமழைக்காக மூன்று நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து திறந்தபோது, அந்தச் சுவரோரம் ஒரு வெள்ளை அம்பாசடர் நின்றுகொண்டிருந்தது. யார் கொண்டுவந்து விட்டது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். அடுத்த மாதம் அதன்மேல் துணி காய்ந்தது. தை மாதம் அதன் அடியில் நாய் குட்டி போட்டது.

எனக்கு மட்டும் அதன்மேல் ஒரு கண். மாமனார் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் மற்ற மருமகன்கள் காரில் வந்து இறங்க, நான் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் மொபெட்டில் அடுக்கிக்கொண்டு போய், அந்தக் கார்களுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் நிறுத்துவேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எதிர்ச்சுவருக்குப் போய், பூட்டாத அந்தக் காருக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது என் வழக்கமானது. ஸ்டியரிங்கையும் பிடித்துக்கொள்வேன்.

"மாமா, ஊட்டி வந்துருச்சுங்களா?" என்று பட்டறையிலிருந்து மச்சினன் கத்துவான்.

"இப்பத்தான் பர்லியார்ல டீ குடிச்சிட்டிருக்கறம் மாப்ள."

ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவிவிடும்போது, பைப்பை அப்படியே இழுத்துக்கொண்டு போய்க் காரையும் கழுவினேன். உள்ளேயும் சுத்தம் செய்தேன். மழைத்தண்ணீர் இறங்கிப் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. ஒரு துண்டு, ஒரு சோடிச் செருப்பு, டாஷ்போர்டில் இருக்கும் பெட்டியில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஏதோ தாள்கள். எல்லாவற்றையும் வாரி, எண்ணெய்ப் பஞ்சுக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினேன். பொட்டு வைத்தேன். பொரிகடலை கொடுத்தேன். தெருவே என்னைக் கார்க்காரர் என்று கூப்பிட்டது.

நாலாம் நாள் அந்தப் பக்கமாக வந்த போலீஸ்காரர் ஒருவர் பொட்டு வைத்த காரைப் பார்த்து, "இது யாரோடதுங்க?" என்று கேட்டார். வாய் சும்மா இருக்கலாம் அல்லவா? "நம்முளுதுதானுங்க" என்றேன்.

சாயங்காலம் ஸ்டேஷனில் இருந்தேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் ஏட்டை ரைட்டர் என்பார்கள். அவர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அந்த மரியாதையைப் பார்த்ததும் நான் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தேன்.

"வாங்க ஓனரே. ஆர்.சி. புக்கு இருக்குதுங்களா?"

"ஊட்டுல இருக்குதுங்க."

"போயி எடுத்துட்டு வாரீங்களா, நாங்க வந்து எடுத்துக்கட்டுங்களா?"

"உண்மையச் சொல்லிப்போடறனுங்க."

"சொல்லுங்க. அதுக்குத்தான் சேர் போட்டிருக்குது."

சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "திருட்டு வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சவன நான் பாத்திருக்கறன். நம்பரை மாத்துனவனப் பாத்திருக்கறன். பொட்டு வெச்சவன இப்பத்தானுங்க பாக்கறன்."

பிறகு சட்டத்தைச் சொன்னார். சொந்தக்காரரைக் கண்டுபிடித்து அவர் முறைப்படி எழுதிக் கொடுத்தால் கார் எனக்கு வரலாம். யாருமே இல்லையென்றால் போலீஸ் அதை எடுத்துக் கோர்ட்டில் ஒப்படைக்கும். ஆறு மாதம் நோட்டீஸ் ஒட்டி, யாரும் வரவில்லையென்றால் ஏலம். "எப்படியும் ஓனரு யாருன்னு தெரியாம உங்களைய நான் உட முடியாதுங்க. பொட்டு வெச்சது நீங்க. தேடறதும் நீங்களே தேடுங்க" என்று முடித்தார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்த நம்பருக்குக் கிடைத்த விலாசம் காரமடை. பெரியவர் ஒருவர், வாழைத்தோப்புக்காரர். நம்பரைச் சொன்னதும் முகம் வெளுத்துப்போனார்.

"ஏனுங்க, யாராச்சும் அடிபட்டுட்டாங்களா?"

"இல்லீங்க. வண்டி சும்மா நிக்குதுங்க."

அவருக்கு மூச்சு வந்தது. காரை நாலைந்து வருஷம் முன்பே சத்தியமங்கலத்து உறவுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டாராம். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது கொடுத்ததுதான், வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. இவரும் கேட்கவில்லை.

"ஒறம்பரைகிட்டப் போயி, மொதல்ல உம்பேருக்கு மாத்துன்னு சொல்ல முடியுமுங்களா? நம்பிக்கையில்லாம பேசறான்னு ஊரு பூராப் பேச்சாயிருமுங்க."

எங்கள் பக்கத்தில் பாதி வண்டிகள் இப்படித்தான் ஓடின. விற்றவர் பெயரில் புத்தகம், வாங்கியவர் கையில் சாவி. நடுவில் முகதாட்சண்யம்.

"இன்னம் உங்க பேருலதானுங்களே இருக்குது? எனக்கே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்களேன்" என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

"வித்த வண்டிய இன்னொருக்கா விக்கறதுங்களா?" என்று எழுந்துவிட்டார். சத்தியமங்கலத்து விலாசத்தை மட்டும் சொன்னார். வாசல்வரை வந்து, "பாத்துப் பேசுங்க" என்றார். வழக்கமாக எல்லோரும் என்னிடம் சொல்வதுதான் அது என்பதால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்தியமங்கலம் போனேன். ஊருக்கு வெளியே வாய்க்கால் ஓரம் ஓட்டு வீடு. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி ஓர் அம்மா வெளியே வந்தார். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் பெரிய பொட்டு. நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். ஓனரைக் கண்டுபிடித்துவிட்டேன், அவரைச் சிரிக்க வைத்தால் கார் பாதி விலைக்கு வரும் என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"ஏனுங்க அம்மணி, உங்க ஊட்டுக்காரரு காரைச் சிங்காநல்லூருல மறந்து வெச்சுட்டு வந்துட்டாருங்க. இப்படியே உட்டா அடுத்த தடவை உங்களையும் எங்கியாச்சும் மறந்துட்டு வந்துருவாரு."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.

அந்த அம்மா அழவில்லை. கத்தவும் இல்லை. "எங்கீங்க நிக்குது?" என்று மட்டும் கேட்டார். இடத்தைச் சொன்னேன். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டுச் சொன்னார்.

"போன ஐப்பசியில, பேட்டரி மாத்திட்டு வாரேன்னு போனவருங்க. இன்னம் வரலை."

உள்ளூர் போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்றாம். ஒருவர் அவரைப் பழனியில் பார்த்ததாகச் சொன்னாராம். இன்னொருவர் கேரளாவில் யாரோடோ இருக்கிறார் என்றாராம். மலைப் பக்கம் போய்விட்டார் என்றும் பேச்சு. எந்தப் பேச்சிலும் கார் இல்லை. காரும் கூடவே போனதால், எங்கோ ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்றே இந்த அம்மா நினைத்திருக்கிறார். அந்த நினைப்பை முடித்துவைக்க நான் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போயிருக்கிறேன்.

"உள்ள என்னங்க இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தேவையான நேரத்தில் அது வராது. "ஒரு துண்டு, ஒரு சோடிச் செருப்பு, கொஞ்சம் காயிதமுங்க."

"செருப்பு ரெண்டும் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க. சீட்டுக்குக் கீழ சேத்து வெச்சிருந்துச்சு."

"காயிதத்துல என்ன எழுதியிருந்துச்சுங்க?"

"நனஞ்சு ஒட்டிப்போச்சுங்க. படிக்கலீங்க."

"குடுங்க, நான் பாத்துக்கறன்."

"பூஜைக்குச் சுத்தம் பண்ணறப்ப எரிச்சுப்போட்டனுங்க."

அவர் என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டார். எந்த வசவுக்கும் நான் தயாராக இருந்தேன், மொபெட்டுக்காரனாக நிறைய வாங்கியிருக்கிறேன். அவரோ சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

நான் திரும்பி வந்து ரைட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அவர் கேலி செய்யவில்லை. எழுந்து அலமாரியில் தேடி ஒரு ஃபைலை எடுத்தார்.

"அதே ஐப்பசியில குளத்துல ஒரு ஆம்பளப் பொணம் எடுத்தமுங்க. யாருன்னு தெரியலை. போட்டோ எடுத்து வெச்சுட்டு அடக்கம் பண்ணியாச்சு. அந்த அம்மாவ வரச் சொல்லுங்க. அவருதான்னு சொல்லிட்டா எறப்புச் சர்டிபிகேட்டு, வாரிசுச் சர்டிபிகேட்டு எல்லாம் வாங்கிறலாம். கார் அந்த அம்மாளுக்கு வரும். அவங்க கையெழுத்துப் போட்டா உங்களுக்கும் வேல முடிஞ்சுது."

"அவரில்லீன்னு சொல்லிட்டா?"

"அப்ப அவரு உசுரோட இருக்கறாருன்னு கணக்கு. உசுரோட இருக்கறவரு காருக்கு ஊட்டுக்காரம்மா கையெழுத்துப் போட முடியாதுங்க."

போஸ்ட் கார்டு போட்டேன். அதில் போட்டோ என்று எழுதவில்லை, ஸ்டேஷனில் ஒரு கையெழுத்து என்று எழுதினேன். பிணத்தை அப்படிச் சொல்லுமளவுக்கு எனக்கு இங்கிதம் வந்திருந்தது.

அந்த அம்மா தனியாக வந்தார். நேரே காரிடம் போனார். மச்சினன் லேத்தை நிறுத்திவிட்டு ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தான். அவர் உட்காரவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து சீட்டுக்கடியில் கையை விட்டு ரொம்ப நேரம் துழாவினார். நான் எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒரு துண்டுக் காகிதம் மிச்சமில்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் விஷயத்தைப் பதமாகச் சொல்லி, போட்டோவை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அந்த அம்மாவே அதைத் திருப்பினார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஓரக்கண்ணில் மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய இடது கை தெரிந்தது. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"அவரில்லீங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க அம்மணி. தண்ணியில கெடந்தா மொகம் மாறிப்போகும். நீலச் சட்டை, வேட்டி, கால்ல செருப்பில்ல..."

"அவரில்லீங்க" என்றார் மறுபடியும், ரைட்டர் ஃபைலைப் படித்து முடிப்பதற்குள்.

ரைட்டர் என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். அவர் வாக்குமூலம் எழுதிப் படித்துக் காட்டினார். அதில் அந்த அம்மா கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

அதற்கப்புறம் காருக்கு என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரமடைக்காரர் தனக்கு உரிமையில்லை என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கும் நோட்டீஸ் போனது, வரவில்லை. ஆறு மாதம் கழித்து ஏலம் விட்டார்கள். எடுத்தது நான்தான். வெட்கமாக இருந்தது, இருந்தும் கையைத் தூக்கினேன். என் பெயரில் புதிய புத்தகமும் வந்தது. என் மனைவி ஒருநாள்கூட அதில் ஏறவில்லை. மாமனார் வீட்டு விசேஷத்துக்கு அவளும் குழந்தைகளும் பஸ்ஸில் போக, நான் மட்டும் காரில் போய் இறங்கினேன். ஒரு வருஷத்தில் விற்றுவிட்டேன். வாங்கியவரைக் கையோடு அழைத்துப்போய் அன்றே பெயர் மாற்ற வைத்தேன்.

ஆனால் வாக்குமூலம் கொடுத்த அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸுக்காக அந்த அம்மா ஸ்டாப்பில் நின்றிருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் நின்றது வாழ்க்கையில் அந்தக் கால் மணி நேரம்தான். தெரியாவிட்டால் பேசாமல் இருந்திருக்கலாம். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்ததும் என்னையறியாமல் வாய் திறந்துகொண்டது. அந்த அம்மாவுக்காகக் கேட்டேனா, எனக்காகக் கேட்டேனா என்று இப்போதும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

"அம்மணி, நெசமாவே அது அவரில்லீங்களா?"

அவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காரை நீங்களே வெச்சுக்கங்க."