கதையில் பேசுகிற மகன்

இன்று பழவங்காடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, பத்திரிகையில் வந்திருந்த என் கதையை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பள்ளியில் மலையாளம்தான்.

அவனைப் பற்றிய கதை. பல் விழுந்த அன்றைக்கு அவன் அடித்த கூத்து.

முதலில் சிரித்தான். பிறகு முகம் மாறிவிட்டது.

"அம்மே, இது ஞானில்ல."

"நீதாண்டா. பல்லை உப்பு டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சது யாரு?"

"அது ஞான்தான். பக்ஷே இந்தப் பையன் முழுக்கத் தமிழ் பேசுறானே. ஞான் இப்படிப் பேசமாட்டேனல்லோ."

உண்மைதான். உதாரணத்துக்கு, சாப்பாடு போதும் என்றால் அவன் "எனிக்கு மதி" என்பான். கதையில் "எனக்குப் போதும்மா" என்கிறான். எழுதும்போது எனக்கே உறைக்கவில்லை.

விருப்ப ஓய்வு வாங்கும்வரை ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். இவனையும் சாயங்காலங்களில் உட்கார்த்திப் பார்த்தேன். நடக்கவில்லை. இனி நடக்கும் என்றும் தோன்றவில்லை.

"மலையாளத்துல எழுது அம்மே, ஞானே வாயிச்சோளாம்" என்று, தானே வாசித்துக்கொள்வதாகத் தேற்றினான்.

எனக்கு மலையாளத்தில் பேச வரும். கதை வராது.

பஸ் வந்தது. தமிழ் பேசுகிற மகனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மற்றவனைக் கைபிடித்து ஏற்றினேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவன் கதையில் மட்டும் வசிக்கிறானா?